கடலடி ஆர்.ஓ.வி. இயக்குநர்களின் ஊதியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலுக்கடியில் எண்ணெய்க் கிணறுகளிலும் குழாய்ப் பாதைகளிலும் வேலை செய்யும் ஆர்.ஓ.வி. (தொலைவிலிருந்து இயக்கப்படும் கலம்) இயந்திரங்களை இயக்கும் தொழிலில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். இத்தொழிலுக்கு வர நினைக்கும் டிப்ளமோ மாணவர்களும், ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு கூலி ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்கும் தோழர்களும் திரும்பத் திரும்ப எழுப்பிய கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வட கடல், மெக்சிகோ வளைகுடா, நம் கிழக்குக் கரையின் கிருஷ்ணா–கோதாவரிப் படுகை ஆகியவற்றை மனத்தில் வைத்தே விடைகளை எழுதியுள்ளேன்.

ஆர்.ஓ.வி. என்பது என்ன? அதை இயக்குபவர் எங்கே உட்கார்ந்திருப்பார்?

கனவேலைக்கான ஆர்.ஓ.வி. ஒரு சிறிய வேன் அளவில் இருக்கும். எடை மூன்று முதல் ஐந்து டன். மேலே மிதவைப் பாளம், பக்கங்களில் உந்திகள், முன்னால் இரண்டு இயந்திரக் கைகள், ஏழெட்டுக் கேமராக்கள், ஒரு சோனார் ஆகியவை இருக்கும். கப்பலிலிருந்து இறங்கும் அம்பிலிக்கல் என்னும் கனத்த கேபிள் வழியாக 3,000 வோல்ட் அளவில் மின்சாரமும் ஒளியிழையில் படமும் கட்டளையும் செல்லும். அந்த இயந்திரத்தில் ஆள் கிடையாது. இயக்குபவர் கப்பலின் மேல்தளத்தில், கன்டெய்னரை மாற்றி அமைத்த கன்ட்ரோல் வேனில், இருட்டில், ஏசிக் குளிரில், பத்துத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஷிப்ட் 12 மணி நேரம். ஷிப்டுக்கு மூவர் என்பது கனவேலை இயந்திரங்களுக்கு வழக்கமான கணக்கு. அந்த மூன்றை இரண்டாக்கப் பல இடங்களில் முயற்சி நடக்கிறது.

வீடியோ விளையாட்டு ஆடுவது போன்றதுதானே? இதில் என்ன பெரிய திறமை?

இந்தக் கேள்வியை மாணவர்கள் மட்டும் கேட்பதில்லை, கான்ட்ராக்ட் எழுதுபவர்களும் கேட்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கிணற்றுத் தலையில் இருக்கும் பலகையில் ஹாட் ஸ்டாப் செருகும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஹைட்ராலிக் எண்ணெயை உள்ளே செலுத்துவதற்கான முனை அது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத துளைக்குள் அதை நேராக விட வேண்டும். ஐந்து அசைவுகள் கொண்ட இடது கையால் பலகையின் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, இயந்திரம் ஆடாமல் உந்திகளால் அழுத்திப் பிடித்து, ஏழு அசைவுகள் கொண்ட வலது கையால் முனையைக் கொண்டுபோக வேண்டும். திரையில் தெரிவது தட்டையான படம். எவ்வளவு தூரம் என்பது அதில் தெரியாது. அனுபவமுள்ளவர் கையைப் பார்க்க மாட்டார், பலகையின் மேல் விழும் கையின் நிழலைப் பார்ப்பார். நிழலும் முனையும் ஒன்று சேரும் இடம்தான் தொடும் இடம். உந்தியைச் சற்று அதிகமாகத் திருப்பிவிட்டால் அடியிலுள்ள களி கிளம்பித் திரை முழுதும் பழுப்பாகிவிடும்; நீரோட்டம் அதைக் கழுவிச் செல்லும்வரை கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கும் பொறுமையும் இத்தொழிலில் ஒரு திறமைதான்.

இருந்தாலும் ஓட்டுவது வேலையில் பாதிக்கும் குறைவு. மீதி நேரத்தில் அதே ஆள் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். அம்பிலிக்கல் முனையில் பழுது வந்தால், கெட்ட நீளத்தை வெட்டி, எஃகுக் கம்பிக் கவசத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, கம்பிகளை விசிறிபோல் விரித்துக் கூம்புக்குள் நுழைத்து, பிசின் ஊற்றி, அது இறுகும்வரை காத்திருந்து, பளு கொடுத்து இழுத்துப் பார்த்து, தலைமுடி கனமுள்ள ஒளியிழைகளை உருக்கி ஒட்டி, மெகர் வைத்து மின்காப்பு சரியா என்று சோதித்த பிறகே இயந்திரம் நீரில் இறங்கும். இத்தனையும் ஆடும் தளத்தில், பெரும்பாலும் இரவில், கிளையன்ட் பிரதிநிதி அரை மணிக்கு ஒருமுறை வந்து ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று கேட்க, நடக்கும். இயக்குபவருக்கு வைத்த பைலட் என்ற பெயரே நமக்குக் கேடு செய்தது என்று நான் நினைப்பதுண்டு. அந்தச் சொல்லைக் கேட்டவருக்கு ஜாய்ஸ்டிக் நினைவுக்கு வருகிறது, கையில் ஒட்டிய ஹைட்ராலிக் எண்ணெய் நினைவுக்கு வருவதில்லை.

ஊதியம் எப்போது விழத் தொடங்கியது?

2014 ஜூனில், உலகச் சந்தையின் அளவுகோலான பிரெண்ட் எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் அது 30 டாலருக்கும் கீழே போனது. எண்ணெய் நிறுவனங்கள் முதலில் நிறுத்தியது துளையிடும் பணியை. கனவேலை ஆர்.ஓ.வி.களில் பெரும் பங்கு துரப்பணக் கப்பல்களிலும் மேடைகளிலும்தான் இருந்தது. மேடைகள் முடங்கவே இயந்திரங்கள் யார்டுகளில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. வேலையில் நீடித்தவர்களுக்கு ‘நிலைமை சீரடையும்வரை’ என்ற சொற்றொடருடன் கூலிக் குறைப்புக் கடிதங்கள் வந்தன. எனக்கு வந்த கடிதத்திலும் அச்சொற்றொடர் இருந்தது. சீரடைந்தது என்பதை யார், எதை வைத்துத் தீர்மானிப்பார் என்பது மட்டும் அதில் இல்லை.

கூலியைவிட அதிகம் வலித்தது படியிறக்கம். பயிற்சியாளர், இரண்டாம் நிலை, முதல் நிலை, மூத்த பைலட், சூப்பர்வைசர் என்று ஏறும் படிகளில், சூப்பர்வைசராக இருந்தவரை மூத்த பைலட்டாகவும், மூத்த பைலட்டை இரண்டாம் நிலையாகவும் எடுக்கும் வழக்கம் அப்போது வந்தது. பழைய கூலியில் பத்து சதவீதம் வெட்டினார்கள் என்று சொல்பவரைக் கேட்டால், படியிறக்கத்தையும் சேர்த்து அவர் இழந்தது அதைப்போல் இரண்டு மூன்று மடங்காக இருக்கும்.

சற்றுத் தலைதூக்கும் நேரத்தில் 2020 வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் வாயிதா விலை பூஜ்யத்துக்குக் கீழே, கழித்தல் 37 டாலருக்குப் போனது. பழைய கதை மறுபடி ஓடியது.

எண்ணெய் விலை 2022இல் 120 டாலரைத் தாண்டியதே, கூலி ஏன் கூடவே ஏறவில்லை?

ஏறவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆள் கிடைக்காமல் தவித்த நிறுவனங்கள் 2022க்குப் பின் சில இடங்களில் கூலியை உயர்த்தின. ஆனால் எதிலிருந்து உயர்த்தின என்று பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட 2016ஆம் ஆண்டுக் கூலியே புதிய அடித்தளமாகிவிட்டது. அதற்குப் பின் வந்த இளைஞர்களுக்கு அதற்கு முந்தைய கூலி காதால் கேட்ட கதை மட்டுமே.

விலைவாசியையும் சேர்த்துப் பாருங்கள். பிரிட்டனில் 2014க்கும் 2024க்கும் இடையில் நுகர்வோர் விலைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தன. 2014இல் ஒருவர் நாளுக்கு 400 பவுண்டு வாங்கியிருந்தால், அதே அரிசியையும் அதே வாடகையையும் வாங்க 2024இல் அவருக்கு ஏறத்தாழ 530 பவுண்டு தேவை. 400லேயே நிற்பவரின் கூலியை யாரும் குறைக்கவில்லை, ஆனால் அது குறைந்துவிட்டது. மேசைக்கு மேசை கடிதம் அனுப்பாமல் நடக்கும் கூலிக் குறைப்பு இது.

இயந்திரத்தின் வாடகை கதை வேறு. இத்துறையின் மிகப் பெரிய நிறுவனமான ஓஷனியரிங்கிடம் 250 கனவேலை ஆர்.ஓ.வி.கள் உள்ளன. பங்குச் சந்தை நிறுவனம் ஆகையால், ஓர் இயந்திரம் வேலை செய்யும் ஒரு நாளுக்குச் சராசரியாக எவ்வளவு வருவாய் என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. 2021ஐ ஒட்டி 8,000 டாலர் அளவில் இருந்த அந்த எண் 2024இல் 10,000 டாலரைக் கடந்தது. அந்தத் தொகைக்குள் ஆட்களின் கூலி, உதிரி, கருவிகள் எல்லாம் அடக்கம் என்பதால் அதை அப்படியே இலாபம் என்று படிக்கக் கூடாது. ஆயினும் கூலி பேச உட்காருபவர் கையில் வைத்திருக்க வேண்டிய எண் அது.

கிளையன்ட் கொடுக்கும் விலையில் ஆளின் பங்கு எப்படித் தீர்மானமாகிறது?

எண்ணெய் நிறுவனம் டெண்டரில் கேட்பது ‘இயந்திரமும் குழுவும் சேர்த்து நாளொன்றுக்கு என்ன விலை’ என்பதே. அந்த ஒற்றை எண்ணுக்குள் இயந்திரத்தின் தேய்மானம், வங்கித் தவணை, உதிரிப் பொருள் ஆகியவற்றைக் குறைக்க முடியாது. உதிரி விற்பவர் தள்ளுபடி தர மாட்டார், வங்கி காத்திருக்காது. நெகிழ்வது ஆள் கூலி ஒன்றுதான். போட்டி கடுமையாகும்போது டெண்டர் எழுதுபவரின் பேனா நேராக அந்த வரிக்குப் போகும். அந்த வரியில் இருப்பவர் யார், அவர் அம்பிலிக்கல் முனையை ஒரே இரவில் முடிப்பவரா, மூன்று நாள் எடுப்பவரா என்பதைக் காட்ட டெண்டர் படிவத்தில் கட்டம் கிடையாது.

முக்குளிப்பவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூடுதல் ஊதியம்?

ஆபத்து அதிகம் என்பது உண்மை, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து மட்டுமே காரணம் என்றால் உலகின் பல தொழிலாளர்கள் செல்வந்தர்களாக இருந்திருப்பார்கள்.

வட கடலில் 1970களில் முக்குளிப்பவர்கள் அடுத்தடுத்து இறந்தனர். 1983இல் நார்வே பகுதியில் பைஃபோர்ட் டால்பின் மேடையில் ஐவர் ஒரே நொடியில் மாண்டனர். இத்தகைய சாவுகளின் மேல்தான் சட்டங்கள் எழுந்தன. பிரிட்டனில் 1997ஆம் ஆண்டு முக்குளிப்பு விதிகளின்படி அங்கீகரிக்கப்பட்ட தகுதிச் சான்று இல்லாமல் யாரும் தொழில்முறையில் நீருக்குள் இறங்க முடியாது. சான்று கட்டாயம் என்பதால் ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வரம்பு இருப்பதால் சங்கத்துக்கு வலு உண்டு. 2006 நவம்பரில் வட கடலின் பிரிட்டன் பகுதி முக்குளிப்பாளர்கள் ஆர்.எம்.டி. சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் செய்து பெரிய உயர்வைப் பெற்றார்கள்.

ஆர்.ஓ.வி. தவறினால் இழப்பது இயந்திரத்தை; காப்பீட்டுத் தொகை வரும், கோப்பு மூடப்படும். சட்டம் எழுதும் அளவுக்கு யாரும் இத்தொழிலைத் திரும்பிப் பார்க்க நேரவில்லை. கடலில் மனித உயிரைக் காப்பதற்காகவே வந்த இயந்திரத்தை ஓட்டுபவர்கள், அந்தக் காப்பின் காரணமாகவே பேரம் பேசும் வலுவை இழந்து நிற்பது கசப்பான செய்தி. அழுத்த அறையிலேயே நாள்கணக்கில் தங்கி இறங்கும் செறிவு முக்குளிப்பு சுமார் 300 மீட்டரோடு நின்றுவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குக் கீழே செய்யப்படும் வேலை முழுவதும் இயந்திரக் கையால் செய்யப்படுவது.

லட்சக்கணக்கில் கட்டிப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கினால் வேலை உறுதியா?

இல்லை. ஐ.எம்.சி.ஏ. என்னும் பன்னாட்டுக் கடல்சார் ஒப்பந்ததாரர் சங்கம் திறன்களுக்கான வழிகாட்டுதலும் லாக்புக்கும் வைத்திருக்கிறது. ஆனால் ஓட்டுநர் உரிமம் போல அது யாருக்கும் பைலட் உரிமம் கொடுப்பதில்லை. சில வாரப் பயிற்சி முடித்துச் சான்றிதழுடன் வருபவரைவிட, கிரேன் ஹைட்ராலிக்ஸில் நான்கு ஆண்டு கையழுக்கான டிப்ளமோக்காரரையே பல சூப்பர்வைசர்கள் விரும்புவார்கள். நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். நகையை அடகு வைத்துப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், அந்த நிறுவனத்தில் சென்ற ஆண்டு முடித்தவர்களில் மூவரின் எண்ணை வாங்கிப் பேசிப் பாருங்கள். எண் தர மறுத்தால் விடை கிடைத்துவிட்டது.

இந்தியர்களும் கிழக்காசியர்களும் குறைந்த கூலிக்கு வருவதால்தான் ஊதியம் விழுந்தது என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டை வேனுக்குள்ளேயே நேருக்கு நேர் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை உண்டு. ஒரே கப்பலில், ஒரே ஷிப்டில், ஒரே நிலையில் இருக்கும் இருவருக்குப் பாஸ்போர்ட்டைப் பொறுத்துக் கூலி மாறுவது இத்தொழிலில் மறைவில்லாத வழக்கம். பிரிட்டன் அரசே காற்றாலைக் கட்டுமானக் கப்பல்களில் வேலை செய்ய வெளிநாட்டவருக்கு 2017இல் தனிச் சலுகை கொடுத்து, 2023 ஏப்ரல் இறுதிவரை அதை நீட்டித்துக்கொண்டே போனது.

மறு பாதியைச் சொல்ல வேண்டும். குறைந்த கூலியைக் கேட்டுப் பெற்றவர் நம் ஆள் இல்லை. அது அவருக்குச் சொல்லப்பட்ட விலை. ஏஜென்சி எவ்வளவு வாங்கியது என்பது அவருக்குத் தெரியாது. நம் மேற்குக் கரையில் பருவமழைக் காலத்தில் கட்டுமான வேலைகள் நின்றுவிடும் என்பதால், ஒப்பந்தத்தில் இருப்பவர் ஆண்டில் சில மாதங்கள் வீட்டில் உட்கார நேரும். அப்படிப்பட்டவர் வந்த விலைக்குச் சம்மதிப்பதை வைத்து அவரது திறமையை அளப்பது நியாயம் ஆகாது. மேலும், 2015இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் முதல் வெட்டு விழுந்தபோது எங்களில் எவரும் அங்கே வரிசையில் நிற்கவில்லை. அது எண்ணெய் விலையின் வெட்டு.

நாட்கூலி பெரிதாகத்தானே தெரிகிறது?

பெரிதாகத் தெரிவதற்காகவே அது நாட்கூலியாகச் சொல்லப்படுகிறது. கப்பலில் இருக்கும் நாளுக்கு மட்டும் தரப்படும் தொகை அது. வீட்டிலிருந்து புறப்பட்டு ஹெலிகாப்டர் ஏறும்வரை உள்ள நாள்கள், வானிலை மோசமாகித் துறைமுகத்தில் காத்திருக்கும் நாள்கள், மருத்துவச் சான்றும் கடல் உயிர்காப்புப் பயிற்சியும் புதுப்பிக்கும் நாள்கள் ஆகியவற்றுக்கு அரைக் கூலியோ கூலியின்மையோ இருக்கலாம். 2020–21இல் நான் கப்பலேறும் முன் ஓட்டல் அறையில் 14 நாள் அடைந்து கிடந்தேன். அந்த நாள்களுக்கு ஒப்பந்தத்தில் பெயரே இல்லை என்று ஏஜென்சி சொன்னது. ஆண்டு வருமானத்தை 365ஆல் வகுத்துப் பாருங்கள், எண் தானாகச் சுருங்கும்.

இந்த நாட்கூலி முறையைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில், ஹெலிக்ஸ் எதிர் ஹியூவிட் வழக்கில், 6–3 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஹியூவிட் துரப்பண மேடையில் மேற்பார்வையாளர். ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்கியவர். நாளை வைத்துக் கணக்கிட்டுத் தரப்படுவது மாதச் சம்பளம் போன்றதாகாது என்றும், ஆகவே வாரம் 40 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு மிகைநேர ஊதியம் உண்டு என்றும் தீர்ப்பு சொன்னது. அது அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கே பொருந்தும்.

காற்றாலைத் துறைக்கு மாறினால்?

வேலை உண்டு: கேபிள் புதைப்பு, கடற்படுகை ஆய்வு, வெடிக்காத பழைய குண்டுகளைத் தேடுதல். நான் பார்த்தவரையில் எண்ணெய்த் துறையைவிடக் கூலி குறைவு. ஆழமில்லாத, அலையும் நீரோட்டமும் மிகுந்த இடங்களில் ஓட்டுவது ஆழ்கடலைவிடக் கடினம் என்பது தனிச் செய்தி.

கரையிலிருந்தே இயக்கும் காலம் வந்துவிட்டதே, இத்தொழில் இருக்குமா?

நார்வேயின் ஸ்டாவாங்கரில் அறையில் உட்கார்ந்து நடுக்கடல் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். ஃபூக்ரோ நிறுவனம் 12 மீட்டர் நீளமுள்ள ஆளில்லாக் கலத்திலிருந்து மின்சார ஆர்.ஓ.வி.யை இறக்குகிறது. கடலடியிலேயே மாதக்கணக்கில் தங்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஓட்டும் வேலை கரைக்குப் போகும்போது கடலில் இருப்பதற்கான படியும் போய்விடும். அதனால் கூலிக்கு இன்னொரு அடி விழும்.

ஆனால் பார்ப்பது வேறு, செய்வது வேறு. 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து 29 பேருடன் புறப்பட்டு மறைந்த ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகளைச் சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தன்னியக்கக் கலம் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் படமெடுத்தது. 2024 ஜனவரியில் செய்தி வந்தது. தேடுவதும் படமெடுப்பதும் இனித் தானியங்கிகளின் வேலை என்று கொள்ளலாம். தளத்தில் பிசின் ஊற்ற இன்னும் ஆள் வேண்டும்.

அனுபவசாலிகள் விலகிப்போனால் யாருக்கு நட்டம்?

2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தபின், சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் 87 நாள் எண்ணெய் பீறிட்டது. வெட்டியது, திருகியது, மூடியைப் பொருத்தியது, உலகம் பார்த்த நேரலையைக் காட்டியது எல்லாம் ஆர்.ஓ.வி.களே. ஒரே கிணற்றைச் சுற்றிப் பல இயந்திரங்கள் கேபிள் சிக்காமல் வேலை செய்தன. அப்படி ஓட்டுபவர்களை ஆறு வாரப் பயிற்சியில் உருவாக்க முடியாது.

நம் கடலுக்கு வந்தால், 2015 ஜூன் 8 அன்று மூவருடன் மறைந்த கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானத்தை நினைவுகூரலாம். கடலூருக்கு அப்பால் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் அதன் பதிவுக் கருவியைக் கண்டெடுத்தது ரிலையன்ஸ் நிறுவனம் பயன்படுத்திவந்த ஒலிம்பிக் கேன்யன் கப்பலின் ஆர்.ஓ.வி. கிழக்குக் கரையில் எரிவாயு எடுக்கும் வேலைக்காக அந்தக் கப்பலும் அதன் குழுவும் இருந்ததால்தான் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு மாதத்தில் விடை கிடைத்தது.

கூலி பேசும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

பயண நாள், காத்திருப்பு நாள், தனிமை நாள் மூன்றுக்கும் தொகையை எழுத்தில் கேளுங்கள். ஷிப்டுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள்; இரண்டு என்றால் மூன்றாமவரின் வேலையை நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்று பொருள். எந்த நிலையில் எடுக்கிறார்கள், எத்தனை நாளில் அடுத்த நிலை என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ‘டைவ்’ மணிகளை மட்டும் லாக்புக்கில் எழுதும் பழக்கத்தை விடுங்கள். எந்தப் பழுது, எத்தனை மணியில் சரிசெய்தீர்கள், அதனால் கப்பல் எத்தனை மணி நேரம் நிற்காமல் தப்பியது என்று எழுதி, சூப்பர்வைசரின் கையெழுத்தைக் கப்பலிலேயே வாங்கிவிடுங்கள். இறங்கிய பிறகு அவர் வேறு கப்பலில் இருப்பார்.